சலுகை மாடிவீட்டுக்கு, ஷீட் சேரிக்கு

ஆஸ்பெஸ்டாஸ் கூரையை இறக்கிவிட்டு வேறு கூரை போடும் வீட்டு உரிமையாளர்களுக்கு வருமான வரியில் கழிவு தர வேண்டும் என்று ஒரு கோரிக்கை பேசப்படுகிறது. சூழலியல் நண்பர்கள் பேசுகிறார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்துக்காரர்கள் பேசுகிறார்கள். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று எங்களிடமும் கேட்கிறார்கள். நாங்கள் போடப்போவதில்லை.

ஷீட் நல்லது என்பதற்காக அல்ல. அதன் கீழே படுத்து எழுகிறவர்கள் நாங்கள். சித்திரை மாதம் பகல் பதினொரு மணிக்கு மேல் அந்த வீட்டுக்குள் கைக்குழந்தையைக் கிடத்த முடியாது என்பதும், இரவு பத்து மணிக்கும் கூரை அனலை இறக்கிக்கொண்டிருக்கும் என்பதும் எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது ஒழிய வேண்டும். எங்கள் சண்டை அதை ஒழிக்கும் வழியைப் பற்றியது.

முதலில் பொருளைப் பார்ப்போம். சிமென்ட் ஷீட் என்றும் ஆஸ்பெட்டாஸ் என்றும் ஊர்களில் சொல்லப்படும் அந்த நெளிவுத் தகட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிரைசோடைல் என்கிற வெள்ளைக் கல்நார். மீதியில் பெரும்பகுதி சிமென்ட். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், நார் உள்ளே போய் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்துக்கூட வெளிப்படும். 60க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. இந்தியா தடை செய்யவில்லை. ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருக்கிறது. பிரேசில் உச்ச நீதிமன்றம் 2017இல் தன் மண்ணில் இதன் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. ஆனாலும் அங்கே தோண்டியது இங்கே வந்தது. அவர்களுக்கு ஆகாதது நமக்கு ஆகும்.

உடையாமல் முழுதாக இருக்கும் ஷீட்டைவிட உடைக்கப்படும், துளையிடப்படும், அறுக்கப்படும் ஷீட்தான் அதிக ஆபத்து. இதை நாங்கள் மறைக்கவில்லை. ஷீட் கம்பெனிகளும் இதைத்தான் வாதமாக வைக்கின்றன: சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாதாம். எங்கள் காலனிகளில் எந்த ஷீட் சும்மா இருக்கிறது? காற்றில் பெயர்ந்துவிடக் கூடாதென்று மேலே கல் ஏற்றுகிறோம். டிவிக்கு வயர் இழுக்கத் துளை போடுகிறோம். பாசி பிடித்தால் துடைப்பத்தால் தேய்க்கிறோம், வெயில் தாங்காமல் மேலே சுண்ணாம்பு அடிக்கிறோம். உடைந்த துண்டு குளியல் மறைப்பாகிறது, கோழிக்கூண்டாகிறது, சாக்கடை மூடியாகிறது. பிள்ளைகள் அதை உடைத்துச் சில்லாக்கி நொண்டி விளையாடுகிறார்கள்.

இனி அந்த வரிக்கழிவு. வருமான வரிச் சட்டத்தில் வீட்டுக்கான சலுகை இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24(பி) பிரிவைப் பாருங்கள். தான் குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ கடன் எடுத்தவர், வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதே வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் எடுத்தால் 30,000 ரூபாய்தான். புது வீட்டுக்காரருக்கான வரம்பு 2014இல் ஒன்றரை லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. பழுதுபார்ப்பவரின் 30,000 நகரவே இல்லை. 2025இல் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், இந்தக் கணக்கு மட்டும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். புதிய முறையில், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது.

நண்பர்கள் கேட்பது இந்த 30,000த்தை உயர்த்தவும், கல்நார் கூரை மாற்றுவதற்கு என்று தனிக் கழிவு கொண்டுவரவும். கொண்டுவந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள 30,000த்தையே எடுத்துப் பாருங்கள். பழைய முறையில் 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதனால் மிச்சம் 9,000 ரூபாய். 20 சதவீதக்காரருக்கு 6,000. 5 சதவீதக்காரருக்கு 1,500. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவருக்குச் சைபர். ஒரே ஷீட், ஒரே நார், ஒரே நோய். வசதி ஏற ஏற அரசு தரும் பணமும் ஏறுகிறது. இதைத்தான் சுற்றுச்சூழல் சீர்திருத்தம் என்று எங்களிடம் நீட்டுகிறார்கள்.

நாள் கூலிக்குப் போகிற, நூறு நாள் வேலைக்கு அட்டை வைத்திருக்கிற, துப்புரவுப் பணியில் ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குகிற குடும்பம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதில்லை. எதிலிருந்து கழிப்பது? சரி, கழிவை விடுங்கள், அந்தக் கடனையாவது வங்கி தருமா? முதலில் பட்டா கேட்கும். எங்களில் பலருக்கு வீடு இருக்கிறது, பட்டா இல்லை. புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப்பட்டா கையில் இருந்தாலும் கிராமக் கணக்கில் ஏறாமல் கிடக்கிறது. ஏறியிருந்தால் செத்துப்போன தாத்தா பேரில் இருக்கிறது. வாரிசுச் சான்றுக்கு அலைந்து முடிப்பதற்குள் கூரை தானாக விழுந்துவிடும். 'வீட்டு உரிமையாளர்' என்ற சொல் சட்டப் புத்தகத்தில் சாதி இல்லாத சொல் போலத் தெரியும். தாசில்தார் அலுவலகத்தில் போய் நின்று பாருங்கள், அதற்குச் சாதி உண்டு.

இதுவரை சொன்னது, சலுகை எங்களுக்கு வராது என்பது. எங்களுக்கு வராத சலுகைகள் எத்தனையோ உண்டு, அதற்காகவெல்லாம் நாங்கள் மறியல் செய்துகொண்டிருக்கவில்லை. இதை எதிர்ப்பதற்குக் காரணம் வேறு. சலுகை வராது, ஷீட் வரும்.

நகரத்தில் ஒரு மாடிவீட்டுக்காரர் மொட்டை மாடியில் போட்டிருந்த ஷீட் கொட்டகையை வரிச்சலுகையில் இறக்குகிறார். இறக்குவது யார்? கூலிக்கு வரும் எங்கள் ஆள். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, ஜே போல்ட்டைச் சுத்தியலால் அடித்து முறித்து, ஷீட்டைத் தோளில் வாங்குவார். இறக்கிய ஷீட்டை எங்கே கொண்டுபோவது? நல்ல ஷீட்டாக இருந்தால் பழைய சாமான் கடைக்குப் போகும். அங்கே அதைப் பாதி விலைக்கு வாங்க யார் வருவார் என்று நினைக்கிறீர்கள்? பொங்கலுக்குள் ஒரு அறை சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் அக்காவும் சித்தப்பாவும்தான். உடைந்த ஷீட் கட்டட இடிபாட்டோடு ஏரிக்கரைக்குப் போகும். சென்னை என்றால் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகும். அந்த மேடுகளை ஒட்டிக் குடியிருப்பவர்களும், குப்பையைக் கையால் பிரிப்பவர்களும் யார் என்று இந்தத் தளத்தைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிடக்‌ஷனுக்கும் குப்பைக்கும் தமிழில் ஒரே சொல், கழிவு. அவர்களுக்கு வரிக்கழிவு. எங்களுக்கு வெறும் கழிவு.

1995 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் அது பேசியது சுரங்கத்தையும் ஆலையையும். மொட்டை மாடியிலிருந்து ஷீட்டை இறக்கிய நாள் கூலிக்கு எந்த முதலாளி 40 ஆண்டு பதிவேடு வைப்பார்? அவருடைய பேர்கூட மேஸ்திரியின் நோட்டில் முழுதாக இருக்காது. வரிச்சலுகை கேட்கிற மனுவில் அந்த ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டுக்காரரின் நுரையீரலுக்கு மட்டும் கவலைப்படும் சூழலியலுக்கு எங்கள் கையெழுத்து எதற்கு?

இந்த ஷீட் எங்கள் தலைக்கு மேலே எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். தீண்டப்படாதவர் எதையெல்லாம் செய்தால் கிராமம் குற்றமாக எடுத்துக்கொண்டது என்று அண்ணல் அம்பேத்கர் பட்டியல் போட்டிருக்கிறார். ஓடு வேய்ந்த வீடு கட்டுவது அதில் ஒன்று. எங்களுக்கு விதிக்கப்பட்டது ஓலை. ஓலை என்றால் தீ. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை வைத்துக் கொளுத்த முடிந்தது அது ஓலைக் குடிசை என்பதாலும்தான். அதனால் தீப்பிடிக்காத ஒரு கூரை, ஒழுகாத ஒரு கூரை, தவணையில் வாங்கி ஒரே நாளில் போட்டுவிடக்கூடிய கூரை வந்தபோது எங்கள் பெற்றோர் அதை வரவேற்றார்கள். ஷீட் வீடு என்பது அவர்களுக்குக் கௌரவம். 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகிய பிறகு பள்ளிகளில் ஓலையை இறக்கச் சொன்னார்கள். ஓலை இறங்கிய பல இடங்களில் ஷீட் ஏறியதை நாங்கள் பார்த்தோம். தீயிலிருந்து தப்பிக்க எங்களுக்குக் காட்டப்பட்ட வழி கல்நாராக இருந்தது. ஆகவே, அறியாமையால் மக்கள் ஷீட் போடுகிறார்கள், விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று யாராவது எங்கள் தெருவுக்குத் துண்டறிக்கையோடு வந்தால் கோபம் வருகிறது.

அரசின் கணக்கில் இந்தக் கூரை என்னவாக இருக்கிறது தெரியுமா? 'பக்கா'. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஓலை, புல், மூங்கில், பிளாஸ்டிக் எல்லாம் கச்சா கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கான்கிரீட்டோடு சேர்ந்து பக்கா கூரை. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்துக்கு ஆள் எடுத்தது அந்தக் கணக்கெடுப்பிலிருந்து. சுவரும் கச்சா, கூரையும் கச்சா என்றிருப்பவருக்கே வீடு. ஷீட் போட்ட அன்றே எங்கள் ஆட்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார்கள். மாநில அரசு 2024இல் கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். கட்டப்படும் வீட்டில் ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ இருக்கக் கூடாது என்று விதி. நல்லது, ஷீட் கூடாது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்தத் திட்டம் குடிசைவாசிகளுக்கானது. ஏற்கெனவே ஷீட்டின் கீழே இருப்பவர் குடிசைவாசியும் அல்ல, வரி கட்டும் வீட்டுக்காரரும் அல்ல. எந்தப் படிவத்திலும் அவருக்குக் கட்டம் இல்லை.

வரியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பேசலாம், நாங்கள் கட்டும் வரியைப் பற்றி. கிராம ஊராட்சியில் வீட்டு வரி கூரையைப் பார்த்துப் போடப்படுகிறது. கூரை வீடு, ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு என்று படிப்படியாக ஏறும். அதாவது விஷக் கூரையை இறக்கித் தளம் போட்டால் வரி கூடும். நோயிலிருந்து வெளியே வந்ததற்கு அபராதம். அடுத்து ஜிஎஸ்டி. ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட்டுக்கு 18 சதவீதம், அதற்கு மாற்றாகப் போடும் இரும்புத் தகட்டுக்கும் 18 சதவீதம். புற்றுநோய்ப் பொருளுக்கும் மாற்றுப் பொருளுக்கும் வரியில் வித்தியாசம் இல்லை. தளம் போடத் தேவையான சிமென்டுக்கோ 2025 செப்டம்பர் 22 வரை 28 சதவீதம் வாங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் இந்த நாட்டில் ஆபத்தான கூரைக்கு வரி குறைவு, பாதுகாப்பான கூரைக்கு வரி அதிகம். இதைக் கவனித்து ஒரு மனு போடாத சங்கங்கள் இப்போது வருமான வரிக்கு மனு போடுகின்றன.

வெளிநாட்டில் செய்கிறார்களே என்பார்கள். செய்கிறார்கள். இத்தாலி 1992இல் கல்நாரைத் தடை செய்த நாடு. அங்கே வீட்டுப் புனரமைப்புச் செலவில் ஒரு பகுதியைப் பத்து ஆண்டுத் தவணையாக வருமான வரியில் கழிக்க விடுகிறார்கள். கல்நார் அகற்றுவதும் அதில் சேரும். கழிக்க வரியே இல்லாத ஏழை ஓய்வூதியருக்கு இதில் என்ன கிடைக்கும் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. தென்கொரியா வேறு வழி எடுத்தது. அங்கே 1970களின் கிராம முன்னேற்ற இயக்கத்தில் ஓலையை இறக்கிக் கல்நார் ஸ்லேட்டை ஏற்றியது அரசே. எங்கள் கதை போலவே இருக்கிறதா? 2009இல் கல்நாரைத் தடை செய்த பிறகு, அந்தக் கூரைகளை அகற்ற அரசே நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது, ஏழைக் குடும்பங்களுக்குக் கூடுதலாக. வரிக் கணக்குத் தாக்கல் செய்தாயா என்று அங்கே கேட்பதில்லை. வெளிநாட்டைக் காட்டுகிறவர்கள் அந்த நாட்டையும் காட்டட்டும்.

எங்கள் தோழர்கள் சிலரே ஒன்று கேட்கிறார்கள். கிடைக்கிறவருக்காவது கிடைக்கட்டுமே, நம் படித்த பிள்ளைகளும் இன்று வரி கட்டுகிறார்களே, அவர்களுக்கும் பயன்தானே? உண்மைதான், அரசு வேலையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் மிஞ்சலாம். ஆனால் அரசு வாங்காமல் விடும் வரியும் அரசு செலவழிக்கும் பணம்தான். கல்நார் ஒழிப்புக்கென்று ஒரு தொகை ஒதுங்கினால், அது முதலில் யார் கூரைக்குப் போக வேண்டும்? வரிக்கழிவு வந்துவிட்டால் 'அதற்குத்தான் சலுகை கொடுத்துவிட்டோமே' என்று கோப்பை மூடிவிடுவார்கள். பிறகு எங்கள் முறை வராது. எத்தனையோ கோப்புகள் இப்படி மூடியதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

நாங்கள் கேட்பது வரிக்கழிவு அல்ல, கூரை. ஷீட் வீட்டைக் கச்சா வீடாக அறிவிக்க வேண்டும். பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடியிருக்கிறார் என்று கிராம சபை சொன்னால் போதும் என்ற அடிப்படையில் மாற்றுக் கூரைக்கு முழுத் தொகையும் கொடுக்க வேண்டும். கொடுக்க வழி இல்லை என்று சொல்ல முடியாது. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க மாநில அரசு 2024இல் தனித் திட்டமே போட்டது. எங்கள் கையால் நாங்களே கட்டிய ஷீட் வீடுகளை அதில் சேர்க்கட்டும். கூரை மாற்றியதற்காக ஊராட்சி வீட்டு வரியை உயர்த்தக் கூடாது. இறக்கும் வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள், முகமூடி, ஷீட்டை நனைத்து உடையாமல் கழற்றிப் பாலிதீனில் சுற்றும் முறை, அவர்களுக்கு உடல்நலப் பதிவேடு எல்லாம் அரசின் பொறுப்பில் நடக்க வேண்டும். இறக்கிய ஷீட் ஒன்றுகூட மறுவிற்பனைக்குப் போகக் கூடாது. இந்தக் கடைசி வரி இல்லாத எந்தத் திட்டமும் நகரத்துக் கூரையை எங்கள் தலைக்கு மாற்றும் திட்டம்தான்.

பணம் எங்கே என்றால், துறைமுகத்தில். கல்நார்த் தூசையும் நாரையும் கழிவு என்ற பேரில் இந்தியாவுக்குள் கொண்டுவர 2016 அபாயக் கழிவு விதிகள் தடை போடுகின்றன. அதே நார் மூலப்பொருள் என்ற பேரில் மூட்டையில் வந்தால் வரவேற்பு. வருகிற ஒவ்வொரு டன்னுக்கும் தனித் தீர்வை போடட்டும், தடை வரும் நாள்வரை அந்தப் பணம் எங்கள் கூரைக்கு வரட்டும். விற்கிற நாடு சும்மா இருக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும். இலங்கை 2018இலிருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாகச் சொன்னது. 2017 டிசம்பரில் தேயிலையில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைக் கைவிட்டது, தேயிலை மறுபடி கப்பலேறியது. அந்தத் தேயிலையைப் பறிக்கிறவர்கள் மலையகத் தமிழர்கள், லயன் வீடுகளில் இருப்பவர்கள். பேரம் யார் நுரையீரலை வைத்து நடந்தது என்று பாருங்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இரண்டு தீர்மானங்கள் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்று, ஊராட்சியில் உள்ள ஷீட் வீடுகளைத் தெருவாரியாகக் கணக்கெடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இரண்டாவது, ஷீட்டை மாற்றித் தளம் போடும் வீட்டுக்கு வரி உயர்வு கூடாது. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுத மறுத்தால், எழுத மறுத்தார் என்பதையும் சேர்த்து ஆட்சியருக்கு மனுவாக அனுப்புங்கள், நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை யாரும் ஷீட்டைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம், காய்ந்த ஷீட்டைத் தேய்க்க வேண்டாம். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.